கஸ்தூரியின் இடப்பக்கம்

குழந்தை அழுவது கஸ்தூரிக்குக் கேட்டது. எங்கே அழுகிறது என்பதுதான் தெரியவில்லை.

அடுப்படியிலிருந்து வருவது போல இருந்தது. பாயை விட்டு எழுந்து போய்ப் பார்த்தாள். அணைந்த அடுப்பும் கவிழ்த்த சட்டியும் இருந்தன, குழந்தை இல்லை. வாசலுக்கு வந்தாள். சேக்காட்டுத் தெரு சித்திரை வெயிலில் வெறிச்சென்று கிடந்தது. அழுகை வீறலாக மாறியது. "பாப்பா, பாப்பா" என்று கூப்பிட்டுக்கொண்டே மறுபடி அடுப்படிக்கு ஓடினாள். ஐந்து மாதக் குழந்தை பதில் சொல்லுமா என்று யோசிக்கும் நிலையில் அவள் இல்லை.

அவள் நாத்தனார் முனியம்மா தண்ணீர்க் குடத்தோடு உள்ளே வந்தாள்.

"இன்னாடி தேடற?"

"கொயந்த அயுவுது அண்ணி. எங்க படுக்க வெச்சீங்க?"

முனியம்மா குடத்தை இறக்காமல் நின்றாள். குழந்தை பாயில்தான் கிடந்தது. கஸ்தூரி இவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்த அதே பாயில், அவளுக்கு இடப்பக்கம், கை நீட்டினால் தொடும் தூரத்தில், முகமெல்லாம் சிவந்து காலை உதைத்துக்கொண்டிருந்தது.

"கண்ணு அவிஞ்சி பூட்ச்சா ஒனக்கு? பக்கத்துல போட்டுகினு ஊரெல்லாம் தேடறியே!"

முனியம்மா குழந்தையைத் தூக்கிக் கொண்டுவந்து அவள் முன்னால் நீட்டினாள். அப்போதுதான் கஸ்தூரிக்குக் குழந்தை தெரிந்தது. காற்றிலிருந்து வந்தது போல வந்தது. வாங்கி மார்போடு அணைத்துக்கொண்டு, "இங்கதான் கீறியா, இங்கதான் கீறியா" என்று அதன் தலையை முகர்ந்தாள். அவள் உடம்பு நடுங்கியது. முனியம்மா அந்த நடுக்கத்தைப் பார்க்கவில்லை. பெற்ற குழந்தையைப் பக்கத்தில் போட்டுவிட்டுத் தேடுவது போல் பாவனை செய்கிற ஒருத்தியைத்தான் பார்த்தாள்.

எழுபத்தெட்டாம் வருஷம் கார்த்திகை மழையில் கஸ்தூரிக்குப் பிரசவம் ஆனது. சுகப் பிரசவம்தான், பெண் குழந்தை. அவள் புருஷன் கஜபதிக்குப் பாடியில் ஒரு தொழிற்சாலையில் லேத்து வேலை. அவனை வளர்த்து ஆளாக்கியவள் அக்கா முனியம்மாதான். கல்யாணமாகி இரண்டே வருஷத்தில் தாலியறுத்துத் தம்பி வீட்டோடு வந்தவள் அவள். பிரசவமான கஸ்தூரியைக் கண்ணுக்குக் கண்ணாகப் பார்த்துக்கொண்டாள். மருந்து இடித்துக் கொடுத்தாள், வெந்நீர் ஊற்றினாள். தண்ணீர் மட்டும் கொடுக்கவில்லை. பச்சை உடம்புக்காரி தண்ணீர் குடித்தால் வயிறு ஊதிக்கொள்ளும், சளி கட்டும், குழந்தைக்கும் ஆகாது என்று அவளுக்குச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்கிறது என்று கஸ்தூரி கெஞ்சியபோது, விரலை நனைத்து உதட்டில் தடவினாள்.

இரண்டாவது வாரத்தில் தலைவலி வந்தது. மண்டையைச் சம்மட்டியால் அடிப்பது போன்ற வலி. அப்புறம் வாந்தி, அப்புறம் இழுப்பு. இடது கையும் காலும் வெட்டி வெட்டி இழுத்தன. ஆஸ்பத்திரியில் பல நாள் நினைவில்லாமல் கிடந்தாள். பிழைக்க மாட்டாள் என்றார்கள், பிழைத்தாள். இடது கையில் கொஞ்ச நாள் பலமில்லை, அதுவும் திரும்பியது. வீட்டுக்கு அழைத்து வந்த அன்று கஜபதி தெரு முழுக்கச் சர்க்கரை கொடுத்தான்.

அதற்குப் பிறகுதான் ஒவ்வொன்றாகத் தெரிய ஆரம்பித்தது. தலையை வாரினால் வலது பாதியை மட்டும் வாரினாள். ரவிக்கையில் வலது கையை நுழைத்துவிட்டு, இடது கை தொங்க வெளியே வந்தாள். நிலைக்கதவில் இடது தோளை இடித்துக்கொண்டாள், அதே இடத்தில் தினமும். தட்டில் போட்ட சோற்றில் வலது பாதியைத் தின்றுவிட்டு, "இன்னும் கொஞ்சம் சோறு போடுங்க அண்ணி" என்றாள்.

"தட்டுல கீறத துன்னுட்டுக் கேளு" என்றாள் முனியம்மா.

கஸ்தூரி தட்டைப் பார்த்தாள். வெறும் தட்டு. பசியோடு இருக்கிறவளை நாத்தனார் கேலி செய்கிறாள் என்று கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. கஜபதி தட்டைப் பாதி சுற்றித் திருப்பி வைத்தான். சோறு இருந்தது. அவள் முதலில் சிரித்தாள். அப்புறம் புருஷன் முகத்தைப் பார்த்து, சிரிப்பை நிறுத்திக்கொண்டாள்.

காற்று கருப்பு என்றார்கள். திருவேற்காட்டு அம்மன் கோயிலுக்கு அழைத்துப் போய் வேப்பிலை அடித்தார்கள். பூசாரி எலுமிச்சம்பழத்தை அவள் தலையைச் சுற்றியபோது பழம் பாதி வழியில் காணாமல் போய்த் திரும்பி வந்தது கஸ்தூரிக்கு. அதைச் சொன்னால் இன்னும் நான்கு அடி விழும் என்று வாயை மூடிக்கொண்டாள். அவளுக்கு எதுவும் இருட்டாகத் தெரியவில்லை, எதையும் மறைத்துத் திரை தொங்கவில்லை. உலகம் முழுதாகத்தான் இருந்தது. அந்த முழு உலகத்தில் தன் குழந்தை அடிக்கடி இல்லாமல் போவதும், எல்லாரும் தன்னைத் திட்டுவதும்தான் அவளுக்கு விளங்கவில்லை.

பாயில் கிடந்த குழந்தையைத் தேடிய மறுநாள் காலை முனியம்மா ரேஷன் கடைக்குப் போயிருந்தாள். கஸ்தூரி வெந்நீர் விளாவி, கொல்லைக் கல்லில் காலை நீட்டி உட்கார்ந்து, குழந்தையைக் கால்கள் மேல் குப்புறப் போட்டுக்கொண்டாள். ரொம்ப நாள் கழித்துத் தன் கையால் குளிப்பாட்டுகிறோம் என்ற சந்தோஷம். பயற்றமாவு குழைத்து முதுகில் தேய்த்தாள். வழுக்கிய குழந்தை கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்து அவள் இடது கால் மேலிருந்து சரிந்து, கல்லுக்குப் பக்கத்தில் குளியல் தண்ணீர் தேங்குகிற குழியில் விழுந்தது. முகம் தண்ணீருக்குள்.

கஸ்தூரி தேய்த்துக்கொண்டேதான் இருந்தாள், தன் வலது முழங்காலை. செம்பில் மொண்டு மொண்டு அதன் மேல் ஊற்றினாள். "கண்ணு மூடிக்கோ, கண்ணு மூடிக்கோ" என்று சொன்னாள்.

வேலிக்கு அந்தப் பக்கம் துணி உலர்த்திக்கொண்டிருந்த ஜமீலா பார்த்தாள். அவள் போட்ட கூச்சல் தெருமுனை வரைக்கும் கேட்டது. வேலியை மிதித்துக்கொண்டு வந்து குழந்தையை எடுத்துத் தலைகீழாகப் பிடித்து முதுகில் அறைந்தாள். உதடு நீலம் பாரித்திருந்தது. இன்னொரு அறை. தண்ணீரைக் கக்கிவிட்டு, பூனைக்குட்டி போலச் சத்தம் வந்தது, பிறகு அழுகை.

கஸ்தூரி செம்பைக் கையில் வைத்தபடி தன் கால்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். "இங்கதானே கீது. நான் தேச்சிகினுதானே கீறேன்?"

சாயங்காலம் கஜபதி சைக்கிளை நிறுத்துவதற்குள் முனியம்மா எதிரே போனாள். குழந்தை அவள் தோளில் தூங்கிக்கொண்டிருந்தது.

"இவ ஒரு நாளு இல்லனா ஒரு நாளு இத்த சாவடிச்சிடுவா கஜபதி. பைத்தியமா, பேயா, எனக்குத் தெரியாது. ஒண்ணு இவ இங்க இருக்கணும், இல்ல கொயந்த இங்க இருக்கணும்."

கஜபதி கஸ்தூரியின் முன்னால் வந்து குந்தினான். "இன்னாமே ஆச்சு? நீயே சொல்லு."

"தெரியலைய்யா. சாமி சத்தியமா தெரியல. எங் கையிலதான் இருந்துச்சி." அவன் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். "நான் வேணும்னு பண்ணுவனா? நீ சொல்லு. நான் அப்டிப் பண்ணுவனா?"

தொழிலாளர் ஆஸ்பத்திரி டாக்டர் விஷயத்தைக் கேட்டுவிட்டுப் பட்டணத்தில் மூளை வைத்தியம் பார்க்கும் டாக்டர் ரகுநாதனுக்குச் சீட்டு எழுதிக் கொடுத்தார். இரண்டு பேரும் ரயிலேறிப் போனார்கள். குழந்தையை முனியம்மா விடவில்லை.

ரகுநாதன் நாற்பது வயதுக்காரர், மெதுவாகப் பேசுகிறவர். வைத்தியத்தோடு ஆராய்ச்சியும் செய்தார். மேஜை மேல் ஒரு வெள்ளைத்தாளை வைத்து, அதில் இறைந்து கிடந்த கோடுகளையெல்லாம் பென்சிலால் அடிக்கச் சொன்னார். கஸ்தூரி வலப்பக்கத்துக் கோடுகளை அடித்துவிட்டுப் பென்சிலை வைத்தாள். ஒரு பூ வரையச் சொன்னார். வலப்பக்கம் மட்டும் இதழ் வைத்த பூ வந்தது. கடியாரம் வரையச் சொன்னபோது பன்னிரண்டு எண்களையும் வலது பாதிக்குள்ளேயே நெருக்கி எழுதினாள்.

"முடிஞ்சுதாம்மா?"

"முடிஞ்சிட்ச்சி சார்."

கஜபதி அந்தத் தாளைப் பார்த்துவிட்டு முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டான்.

"இவங்களுக்குக் கண்ணுல குறையில்ல. புத்தியும் சரியா இருக்கு" என்றார் டாக்டர். "நம்மளச் சுத்தி எது எங்க இருக்குன்னு மூளைக்குள்ள எப்பவும் ஒரு படம் இருக்கும். கை நீட்டறது, திரும்பறது, நடக்கறது எல்லாமே அந்தப் படத்த வெச்சுத்தான். இவங்களுக்கு இந்தப் பக்கம்" என்று தன் வலது காதுக்கு மேலே தொட்டுக் காட்டினார், "ரத்தம் உறைஞ்சு குழாய் அடைச்சிருக்கு. அந்தப் படத்துல இடது பாதி போயிடுச்சு. இல்லாத பாதியில கிடக்கிற குழந்தைய எப்படிப் பாப்பாங்க?"

"பேய் இல்லியா சார்?"

"பேயெல்லாம் இல்ல."

கஜபதிக்கு உயிர் வந்தது போல இருந்தது. "அப்ப மருந்து குடுங்க சார்."

"இதுக்கு மருந்து இல்லப்பா. சிலருக்குத் தானாவே கொஞ்சம் திரும்பும். இவங்களுக்கு அஞ்சு மாசம் ஆயிடுச்சு." டாக்டர் கொஞ்சம் தயங்கினார். "வெளிநாட்டுல குரங்குக்கு மூளையில சன்னமான கம்பி வெச்சு, அது பழத்துக்குக் கை நீட்டறப்ப மூளையோட எந்த உயிரணு வேலை செய்யுதுன்னு பாக்கறாங்க. இப்பதான் ஒண்ணொண்ணா தெரிய வருது."

"அந்தக் கொரங்குக்கு நல்லாயிட்ச்சா சார்?"

டாக்டர் ஆஸ்பத்திரிச் சீட்டைப் பிரித்துப் படித்தார். பிறகு, பிரசவத்துக்கு அப்புறம் இவள் எவ்வளவு தண்ணீர் குடித்தாள் என்று கேட்டார். கஜபதி சொன்னான். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "இப்படி வர்ற பொண்ணுங்க நிறையப் பேர். தண்ணி கொடுக்காம உடம்பு வத்தினா ரத்தம் கெட்டியாகும். இனிமே யாருக்கும் அப்படிச் செய்யாதீங்கன்னு வீட்டுல சொல்லு" என்றார்.

கிளம்ப எழுந்தவர்களை உட்காரச் சொன்னார். ஏதோ ஞாபகம் வந்தவர் போல, "ஆவடிக் கடைத்தெரு தெரியுமாம்மா உங்களுக்கு?" என்று கேட்டார்.

கஸ்தூரிக்கு முகம் மலர்ந்தது. "நான் பொறந்ததுலேந்து போற தெரு சார்."

"கண்ண மூடிக்குங்க. ஸ்டேஷன் பக்கத்துலேந்து கடைத்தெருவப் பாத்து நிக்கறதா நினைச்சுக்குங்க. என்னென்ன கடை இருக்கு, சொல்லுங்க."

"சைக்கிள் கடை. அப்பால அரிசி மண்டி. சோடாக் கடை. டெய்லர் கடை, அவரு கால நொண்டுவாரு. அப்பால எண்ணெய்க் கடை. அவ்ளோதான்."

கஜபதி ஏதோ சொல்ல வாயெடுத்தான். டாக்டர் கையைக் காட்டி நிறுத்தினார். "இப்ப தெருவோட அந்தக் கடைசிக்குப் போயிட்டீங்க. அங்கேந்து ஸ்டேஷனப் பாத்து நிக்கறீங்க. இப்ப சொல்லுங்க."

"பாத்திரக் கடை" என்றாள் கஸ்தூரி உடனே. "மருந்துக் கடை. ஜமீலாக்கா வூட்டுக்காரரு வளையல் கடை. பூக்காரம்மா, கொடைய விரிச்சிகினு குந்தினு இருப்பாங்க. அவ்ளோதான் சார்."

வெளிநாட்டில் ஒருவர் நோயாளிகளை இப்படிக் கேட்டதாகப் போன வருஷம்தான் ஒரு கட்டுரையில் டாக்டர் படித்திருந்தார். கண்ணால் பார்ப்பது இதுதான் முதல் தடவை. அவர் முகத்தில் ஒரு வெளிச்சம் ஓடியது. அதைக் கஸ்தூரி பார்த்துவிட்டாள்.

"சரியா சொன்னனா சார்?"

"சரியாத்தான் சொன்னீங்க. ஆனா மொதல் தடவ இந்த நாலு கடையும் எங்கம்மா போச்சு? ரெண்டாந் தடவ சைக்கிள் கடை, அரிசி மண்டியெல்லாம் எங்க போச்சு?"

கஸ்தூரி கண்ணைத் திறந்தாள். ஜமீலா கடையைத் தனக்குத் தெரியாதா? அங்கே எத்தனை தடவை வளையல் போட்டிருக்கிறாள். ஸ்டேஷன் பக்கம் நின்றபோது அது ஏன் வரவில்லை? மறுபடி கண்ணை மூடி ஸ்டேஷனில் நின்று பார்த்தாள். சைக்கிள் கடை, மண்டி, சோடாக் கடை. தெரு அத்தோடு முழுதாக இருந்தது. எதுவும் குறையவில்லை. குறையவில்லை என்பதுதான் அவளை உலுக்கியது. வெளியே எதைத் தவறவிட்டாலும் மனசுக்குள் எல்லாம் பத்திரமாக இருக்கிறது என்று இதுவரை நம்பியிருந்தாள்.

"சார்" என்றாள். மறுபடி, "சார். எம் புள்ளைய நெனச்சாலும் பாதியத்தான் நெனைக்கறனா?"

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். "மாசா மாசம் வாங்கம்மா. பாத்துட்டே இருப்போம்" என்று மட்டும் சொன்னார்.

ரயிலில் வரும்போது அவள் கண்ணை மூடி மூடித் திறந்தாள்.

வீட்டுக்கு வந்ததும் கஜபதி அக்காவிடம் எல்லாவற்றையும் சொன்னான். தண்ணீர் விஷயத்தையும் சொன்னான். மறைத்திருக்கலாம். ஆனால் பேய் இல்லை என்று நிரூபிக்கும் அவசரம் அவனுக்கு. முனியம்மா கேட்டுக்கொண்டு அப்படியே நின்றாள். அழவில்லை, கத்தவில்லை. குழந்தையை மட்டும் இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"நாந்தான் பண்ணேங்கறியா?"

"ஒன்ன குத்தம் சொல்லலக்கா. தெரியாம பண்ணது."

"மருந்து இல்லன்னுதான சொன்னாரு? அப்ப நாந்தான் இத்தக் காப்பாத்தணும். இவள ஊட்டுல வெச்சிகினு நான் எப்டித் தண்ணிக்குப் போறது, கடைக்குப் போறது? இன்னொரு தபா குழியில உய்ந்தா? அதையும் என் தலையில போட்டுக்கணுமா?"

மறுநாள் கஸ்தூரியின் அண்ணன் துலுக்கானம் திருவேற்காட்டிலிருந்து வந்தான். கொஞ்ச நாள் போகட்டும், நல்லானதும் வரட்டும் என்று பேசி முடித்தார்கள். கஜபதி வாசலில் சைக்கிளைத் துடைத்துக்கொண்டே இருந்தான், துடைக்க ஒன்றும் இல்லாத சைக்கிளை. கஸ்தூரி அவனைப் பார்த்து, "நீயும் போவச் சொல்றியா?" என்று கேட்டாள். அவன் நிமிரவில்லை.

அண்ணன் வீட்டில் அவளை யாரும் கடிந்து பேசவில்லை. ஆனால் மார்பில் பால் கட்டிக்கொண்டது. ராத்திரியெல்லாம் உடம்பு காய்ந்து, காலையில் சேலை நனைந்திருக்கும். அண்ணன் பெண்டாட்டி மல்லிகைப்பூவை மார்பில் வைத்துக் கட்டினாள். பால் வற்ற வேண்டுமே. வற்ற வற்றக் கஸ்தூரிக்குப் பயம் பிடித்தது. தினமும் கண்ணை மூடிக் குழந்தையின் முகத்தை நினைத்துப் பார்த்தாள். வலது கண், வலது கன்னம், அதில் வைத்த திருஷ்டிப் பொட்டு. முழு முகமாகத்தான் தெரிந்தது. ஆனால் அதை அவள் இப்போது நம்பவில்லை. கடைத்தெருவும் முழுதாகத்தானே தெரிந்தது. குழந்தையின் இன்னொரு கன்னத்தை நினைக்க முயன்றாள். அதைப் போய்த் தேட மனசுக்குள் வழியே இல்லை. ஒரு நாள் மத்தியானம் சுவரில் தலையை முட்டிக்கொண்டாள். அண்ணி வந்து பிடித்தாள்.

கஜபதி ஞாயிற்றுக்கிழமைகளில் வந்தான். குழந்தையைக் கொண்டுவா என்றால், அக்கா விடமாட்டேன் என்கிறாள் என்பான். மூன்றாவது ஞாயிறு அவன் வரவே இல்லை.

திங்கட்கிழமை அண்ணனும் அண்ணியும் வேலைக்குப் போனதும் கஸ்தூரி கதவைச் சாத்திவிட்டு நடந்தாள்.

பஸ் ஏறத் தைரியமில்லை. பஸ் எந்தப் பக்கத்திலிருந்து வரும் என்று யார் சொல்வது? தெரிந்த பாதைதான். நேரே போனால் பூந்தமல்லி-ஆவடி ரோடு. அங்கே வலப்பக்கம் திரும்பிப் பருத்திப்பட்டு வழியாக ஆவடி. வலது கைப்பக்கம் ரோட்டோரப் புல்லைப் பார்த்துக்கொண்டே நடந்தாள். புல் இருக்கும் வரை ரோட்டில் இருக்கிறோம் என்று அர்த்தம். அப்படியும் கால் எங்கோ இழுத்தது. ஒரு மாட்டுவண்டியின் நுகத்தடி தோளில் இடித்தது. வண்டிக்காரன் திட்டியதை, முன்னால் போகிற யாரையோ திட்டுகிறான் என்று நினைத்தாள். லாரி ஒன்று அவள் காதருகே அலறிக்கொண்டு நின்றது. டிரைவர் இறங்கி வந்து அவளை ஓரமாகத் தள்ளிவிட்டு, "சாவறதுக்கு என் வண்டிதான் கெடச்சுதா?" என்றான். அவள் அவனைக் கும்பிட்டுவிட்டு நடந்தாள். இடது காலில் செருப்பு எப்போது போனது என்று அவளுக்குத் தெரியாது.

ஆவடிக்கு வந்தபோது வெயில் உச்சியைத் தாண்டிவிட்டது. இனிமேல்தான் கஷ்டம். சேக்காட்டுக்கு இடப்பக்கம் திரும்ப வேண்டும்.

ரோட்டோரத்தில் வெள்ளரிக்காய் விற்கும் ஒருத்தியிடம் கேட்டாள்.

"இதோ, இடது கைப்பக்கம் திரும்பினா சேக்காட்டு ரோடு. கண்ணுக்கெதிரா கீதே!"

கஸ்தூரி நின்றாள். இடது கை என்ற ஒன்று தனக்கு இருப்பது தெரியும். அதன் பக்கம் திரும்ப வேண்டும் என்பதும் தெரியும். தலையைத் திருப்பப் பார்த்தாள். தலை எதிரே வந்து நின்றுவிட்டது. கழுத்தில் வலியில்லை, தடையில்லை. திரும்புவதற்கு அங்கே இடம் இல்லை, அவ்வளவுதான். மேலே பார், கீழே பார் என்றால் பார்க்கலாம். இல்லாத ஒரு பக்கத்தைப் பார் என்றால் எங்கே பார்ப்பது? குழந்தை இந்த ரோட்டின் கோடியில் இருக்கிறது. ரோடே இல்லை. மார்பு வலித்தது. நடுத்தெருவில் நின்று "ஐயோ, ஐயோ" என்று வாய்விட்டு அழுதாள். ஜனங்கள் ஒதுங்கிப் போனார்கள்.

அழுகையில் தலை கிறுகிறுத்து, தடுமாறி வலப்பக்கமாகச் சுழன்றாள். வந்த வழி தெரிந்தது. விழாமலிருக்க இன்னும் கொஞ்சம் சுழன்றாள். கண் ஓரத்தில், வலது ஓரத்தில், அதுவரை இல்லாத ஒரு ரோடு முளைத்தது. அரசமரம், அதன் கீழ் டீக்கடை. அவள் வீட்டுக்குப் போகிற ரோடு.

கஸ்தூரி மூச்சைப் பிடித்துக்கொண்டாள். இமைத்தால் போய்விடுமோ என்று பயந்து, அந்த மரத்தைப் பார்த்தபடியே ஓடினாள். அடுத்த திருப்பத்தில் மறுபடி எல்லாம் காணாமல் போனது. இந்தத் தடவை வேண்டுமென்றே வலப்பக்கமாகச் சுற்றினாள், முழுச் சுற்று. தெரு வந்தது.

"இன்னாம்மா, பம்பரமாட்டம் சுத்தற?" என்று டீக்கடையில் யாரோ சிரித்தார்கள்.

முனியம்மா வாசலில் முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். தெருவில் ஒருத்தி சுற்றிச் சுற்றி வருவதைப் பார்த்து எழுந்தாள். கஸ்தூரிதான். இடது தோளில் ரவிக்கை கிழிந்து ரத்தம் முழங்கை வரை வழிந்து காய்ந்திருந்தது. செருப்பில்லாத காலில் கட்டைவிரல் நகம் பெயர்ந்து தொங்கியது. அவளோ எதுவுமே நடக்காதவள் போல முனியம்மாவின் முகத்தை மட்டும் பார்த்தாள்.

"அண்ணி, ஒரு தபா காட்டுங்க. நான் தொட மாட்டேன். நீங்களே பிடிச்சிக்கோங்க. ஒரே ஒரு தபா அதோட மொகத்த முழுசா பாத்துட்டுப் போயிடறேன்."

முனியம்மா அந்தத் தோளையே பார்த்தாள். "வலிக்கலியாடி ஒனக்கு?"

"எது அண்ணி?"

முனியம்மாவின் கையிலிருந்து முறம் நழுவியது. அரிசி வாசலெல்லாம் சிதறியது. இத்தனை நாள் கல்லாக இருந்தவள் அப்படியே தரையில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டாள். "பாவி நானு! ஒரு சொம்புத் தண்ணி குடுத்திருந்தா ஆவாதா! ஒரு சொம்புத் தண்ணி!" கஸ்தூரிக்கு அது காதில் விழவில்லை. உள்ளே குழந்தை சிணுங்கும் சத்தம் கேட்டுவிட்டது. எங்கிருந்து என்று தெரியாமல் நின்ற இடத்திலேயே வலப்பக்கமாகச் சுற்ற ஆரம்பித்தாள்.

முனியம்மா எழுந்து போய்த் தூளியிலிருந்து குழந்தையை எடுத்துவந்தாள். கஸ்தூரியை உள்ளே அழைத்துச் சுவரோரப் பாயில் உட்கார வைத்து, குழந்தையை மடியில் போட்டாள். கஸ்தூரி குழந்தையைத் தூக்கி, இந்தப் பக்கம் அந்தப் பக்கமாகத் திருப்பித் திருப்பி, ஒவ்வொரு கன்னத்தையும் வலப்பக்கத்துக்குக் கொண்டுவந்து பார்த்தாள். குழந்தை அவளை வெறித்தது. பிறகு உதட்டைப் பிதுக்கி அழுதது. மூன்று வாரத்தில் மறந்துவிட்டது. அவளிடமிருந்து நெளிந்து, இடப்பக்கமாக, கஸ்தூரிக்கு ஒன்றுமே இல்லாத அந்தப் பக்கமாக, இரண்டு கையையும் நீட்டி வீறிட்டது. முனியம்மா அங்கேதான் உட்கார்ந்து புண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"யாருகிட்ட போவுது அண்ணி?" என்றாள் கஸ்தூரி மெதுவாக. "அங்க யாரு கீறாங்க?"

முனியம்மா கையிலிருந்த ஈரத்துணியைப் போட்டுவிட்டு எழுந்தாள். சுற்றிக்கொண்டு வந்து கஸ்தூரியின் வலப்பக்கம், தோளோடு தோள் ஒட்டி உட்கார்ந்தாள். குழந்தையின் கை அவள் பக்கம் திரும்பியது. அழுகை குறைந்து விக்கலாயிற்று. ஒரு கை முனியம்மாவின் விரலைப் பிடித்துக்கொண்டது. உடம்பு கஸ்தூரியின் மடியில் இருந்தது.

"நான் இங்கயே குந்தினு கீறேன்" என்றாள் முனியம்மா. "நீ குடு பாலு. வருதான்னு பாரு."

வற்றிப்போயிருந்த மார்பில் பால் லேசில் வரவில்லை. குழந்தை கடித்தது, விட்டது, மறுபடி கடித்தது.

கஜபதி வேலை முடிந்து வந்தபோது, வாசலில் அரிசி சிதறிக் கிடப்பதைப் பார்த்துப் பயந்து உள்ளே ஓடி வந்தான். இரண்டு பெண்களும் ஒரே பக்கமாக நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். பாயின் மறுபாதி காலியாகக் கிடந்தது.

"நீ எப்டி வந்த? யாரு இட்டாந்தாங்க?"

"யாரும் இட்டாரல" என்றாள் முனியம்மா, தம்பியை நிமிர்ந்து பார்க்காமலே. "தானா வந்துச்சி. தொலுக்கானத்தாண்ட போய் சொல்லிட்டு வா, தேடிகினு இருப்பான். இவ இனிமே எங்கியும் போவ மாட்டா. வர சொல்லோ அந்தப் புண்ணுக்கு மருந்து வாங்கினு வா."

கஜபதி கஸ்தூரியைப் பார்த்தான். கன்னத்தில் காய்ந்த கண்ணீர்க் கோடு இருந்தது. அவள் அவனைப் பார்க்கவில்லை. அவன் அவளுக்குக் கொஞ்சம் இடப்பக்கமாக நின்றிருந்தான்.